எத்தனை கிளிக்?

வெள்ளவத்தை
2024 பெப்ரவரி 11

மதிப்புக்குரிய பிறிஜெற் அவர்களுக்கு,

சுடுகழகத்தின் செயலாளர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் நம்பரை நீங்கள் பிளொக் செய்து வைத்திருக்கிறீர்கள். மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. ஆகவே தபாலில் அனுப்ப வேண்டியதாயிற்று.

புதிதாகச் சுடப் பழகுகிறவர்களுக்கு ஒரு வகுப்புத் தொடங்கக் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. அதற்கு ஒரு சிறிய பிஸ்டல் வாங்க அனுமதி கிடைத்துள்ளது. ஒன்றே ஒன்றுதான், எல்லோரும் மாறி மாறி அதையே பயன்படுத்த வேண்டும். பொயின்ற் ருவென்ரி ரூ, அதாவது .22 அளவுச் சின்னத் தோட்டா, என்பதில் எல்லோருக்கும் சம்மதம். இரண்டு மாதிரிகளில் எதை எடுப்பது என்பதுதான் கேள்வி. முதலாவது இலக்குப் போட்டிக்கென்றே செய்தது. அதன் பின்குறியை, அதாவது குறிபார்க்கும் பின் துண்டை, திருகாணியால் ஒவ்வொரு கிளிக்காக இடத்துக்கும் வலத்துக்கும் நகர்த்தலாம். இரண்டாவது சாதாரணமானது, குறி அசையாது.

உங்கள் கருத்தை எழுத்தில் கேட்கும்படி தலைவர் சொன்னார். வகுப்பை நடத்தவும் உங்களையே கேட்கச் சொன்னார். பயிற்றுநர் சான்றிதழ் உள்ளவர் எங்களிடம் வேறு எவரும் இல்லை. இது தலைவரின் யோசனை, என்னுடையதல்ல என்பதையும் குறிப்பிட விரும்புகிறேன்.

இப்படிக்கு,
ரஜனி இராஜநாயகம்
செயலாளர்


கொட்டாஞ்சேனை
2024 பெப்ரவரி 20

எடி ரஜனி,

"மதிப்புக்குரிய பிறிஜெற் அவர்களுக்கு" என்பதை வாசித்துவிட்டு ஒபிசிலேயே சிரித்துவிட்டேன். என் மேசைக்கு எதிரே இருக்கிற கிளறன்ஸ், சுங்கத்தில் மாட்டியிருக்கிற எங்கள் சரக்குக்கு ஏதோ நல்ல செய்தி வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டான். பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்த எனக்கு "அவர்கள்" போடுகிறாய். நாங்கள் இரண்டு பேரும் கிளப்பில் சேரப் பொலிஸ் றிப்போர்ட் எடுக்கப் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? அந்த சார்ஜன்ட் எங்கள் பெயர்களை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "அய் நங்கி, கராட்டே மதித?" என்று சிங்களத்தில் கேட்டார். கராட்டே போதாதா தங்கச்சி என்று! அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பில் அவருக்கே சிரிப்பு வந்து கையெழுத்துப் போட்டார்.

சரி, உன் தலைவருக்கு என் கருத்து. புதிதாக வருகிறவர் முதலில் சண்டை பிடிப்பது இலக்கோடு அல்ல, சத்தத்தோடு. பெரிய பிஸ்டலைக் கையில் கொடுத்தால் வெடிக்கு முன்பே கண்ணை மூடுவார். அந்தப் பழக்கம் பிறகு போகாது. ஆகவே சின்ன ரவைதான். ஆனால் சின்ன பிஸ்டல் வேண்டாம். கொஞ்சம் பாரமாக, குழல் நீளமாக இருந்தால் கை அமைதியாக நிற்கும். பிடி இடக்கைக்காரருக்கும் பொருந்த வேண்டும். ரவை இல்லாமல் விசையை மட்டும் இழுத்துப் பழகவே முதல் மாதம் போகும். சிலதில் அப்படி வெறுமனே இழுத்தால் உள்ளே ஊசி பழுதாகிவிடும், அப்படிப் பழுதாகாததாகக் கேட்டு வாங்குங்கள். விசை மிக மெல்லியதாக இருக்கவே கூடாது. தொட்டால் வெடிக்கிற விசை பழகினவர்களுக்கு, பழகுகிறவர்களுக்கு அல்ல.

இரண்டில் எது என்றால், இரண்டாவது. குறி அசையாதது.

ஏன் என்று தலைவர் கேட்டால் உன்னிடமே கேட்கச் சொல். நீ மறந்திருப்பாய், நான் எழுதுகிறேன். 2015, தெரிவுப் போட்டி. வெளிநாட்டுக்குப் போக ஒருவருக்குத்தான் இடம். உனக்கும் எனக்கும் ஒரே கிளப் பிஸ்டல். ரவைத் தட்டுப்பாடு என்பதால் குறியைச் சரிபார்க்கிற சோதனைக் குண்டுகள் முதலில் சுடுகிறவருக்கு மட்டும்தான். அடுத்தவர் நேரே புள்ளிக்குச் சுட வேண்டும். அதனால்தான் எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் இருக்கிறது: தன் கண்ணுக்காகத் திருகாணியைத் தொட்டவர், திருப்பி இருந்த இடத்தில் வைத்துவிட்டுத்தான் பிஸ்டலைக் கொடுக்க வேண்டும். முதலில் சுட்டது நீ. பிறகு நான். என் குண்டுகள் எல்லாம் ஒன்றுக்கு மேல் ஒன்றாக, அழகாக, இடப்பக்கம் போய் விழுந்தன. நீ விமானம் ஏறினாய்.

குறி அசையாத பிஸ்டலில் ஒருவரும் ஒருவருக்கும் அப்படிச் செய்ய முடியாது. அதனால்தான் இரண்டாவது.

பிறிஜெற்


வெள்ளவத்தை
2024 மார்ச் 9

பிறிஜெற்றுக்கு,

உங்கள் கடிதத்தின் தொழில்முறைப் பகுதி மட்டும் கமிட்டியில் வாசிக்கப்பட்டது. பாரம், பிடி, விசை பற்றிய எல்லா ஆலோசனைகளையும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் குறி விடயத்தில் முதலாவது மாதிரியையே வாங்குவது என்று முடிவாயிற்று. ரவை ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்திலிருந்து வருகிறது. ரவை மாறினால் குண்டு விழும் இடமும் மாறும் என்பது எங்களைவிட உங்களுக்குத் தெரியும். பயிற்றுநராக யோசித்திருந்தால் நீங்களும் முதலாவதைத்தான் சொல்லியிருப்பீர்கள். நீங்கள் கோபத்தில் யோசித்தீர்கள்.

மற்றதுக்கும் பதில் எழுதுகிறேன், இதுதான் கடைசித் தடவை. நான் அந்தத் திருகாணியைத் தொடவேயில்லை. உன் கை நடுங்கியது, பிறிஜெற். பெரிய போட்டி, பெரிய ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள், நடுங்கிவிட்டது. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அதை ஒப்புக்கொள்ள முடியாமல் இத்தனை வருடம் என்னைக் கள்ளியாக்கிக்கொண்டு திரிகிறாய். உறவுக்காரர் வீட்டுக் கலியாணத்தில்கூட என்னைக் கண்டு மற்றப் பக்கம் திரும்பினாய்.

இன்னுமொன்று. என் மகள் நதீஷா அந்த வகுப்பில் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பதினாறு வயது, சொன்னால் கேட்பதில்லை. வேறு பயிற்றுநர் இருந்திருந்தால் உன்னைக் கேட்டிருக்க மாட்டேன். சேர்ப்பாயா, மாட்டாயா என்று ஒரு வரி போடு.

ரஜனி


கொட்டாஞ்சேனை
2024 மார்ச் 17

ரஜனி,

சேர்ப்பேன்.

உன் மகள் என்பதற்காக ஓரவஞ்சனை செய்யமாட்டேன், கவலைப்படாதே. மற்றப் பிள்ளைகளைவிட நன்றாகவே பழக்குவேன். ஏன் என்று கேட்கமாட்டாய், ஆனாலும் சொல்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் வீட்டுக்கு வந்து என் பெயரைச் சொல்ல வேண்டும். நீ சோறு போட்டுக்கொண்டே அதைக் கேட்க வேண்டும். எனக்கு அது போதும் என்று எழுத நினைத்தேன். போதாது. ஆனால் தொடக்கத்துக்கு நல்லது.

கை நடுங்கியது என்கிறாய். நடுங்குகிற கை சுட்டால் குண்டுகள் சோளப்பொரி மாதிரிச் சிதறும். என்னுடையவை ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன. இது முதல் மாதப் பாடம். உன் மகளுக்கு ஏப்ரலில் சொல்லிக்கொடுப்பேன், நீயும் அவளிடம் கேட்டுப் படி.

பிறிஜெற்


வெள்ளவத்தை
2024 மே 26

பிறிஜெற்,

நீ என்ன செய்கிறாய் என்று எனக்கு விளங்காமல் இல்லை.

வீட்டில் காலையில் எழும்பினால் "பிறிஜெற் அன்ரி". சாப்பிட இருந்தால் "பிறிஜெற் அன்ரி". கையை நீட்டித் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு பல்கனியில் நிற்கிறாள், அன்ரி நிற்கச் சொன்னாவாம். கோல் றோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் மூச்சை எண்ணுகிறாளாம். பத்து வருடமாக நான் "நிமிர்ந்து நில்" என்று சொன்னதைக் கேட்காதவள், நீ சொன்னதும் நிமிர்ந்துவிட்டாள். அதற்கு நன்றி சொல்லுவேன் என்று எதிர்பார்க்காதே.

ஆனால் அந்தக் கதையை ஏன் சொன்னாய்? "ஒரு காலத்தில் ஒருத்தி எனக்கு முதல் சுட்டுவிட்டு, குறியைத் திருப்பி வைக்காமல் தந்தாள், நான் பார்க்காமல் சுட்டுத் தோற்றேன், ஆகவே எப்போதும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வகுப்பில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாய். யார் என்று சொல்லவில்லையாம். எத்தனை கிளிக் மாறியிருந்தது என்றும் சொல்லவில்லையாம். இப்போது அந்தப் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. இரவுச் சாப்பாட்டில் என் மகள் என்னைக் கேட்கிறாள்: "அம்மா, எத்தனை கிளிக் எண்டு நினைக்கிறீங்க? நான் நாலு எண்டன், ஷிம்னா பத்து எண்டவள். அன்ரி ஒருத்தருக்கும் சொல்லமாட்டாவாம். இண்டைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் சொன்னதில்லையாம்."

கோப்பையோடு எழும்பி அடுப்படிக்குள் போய்விட்டேன். நான் செய்யாத ஒன்றுக்காக என் வீட்டு மேசையிலேயே விசாரணை நடத்துகிறாய். என் பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்கப் பார்க்காதே. எனக்கு இருக்கிறது அவள் ஒருத்திதான்.

ரஜனி


கொட்டாஞ்சேனை
2024 யூலை 3

ரஜனி,

உன் மே மாதக் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஒவ்வொரு தரமும் இனித்தது. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடையில் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கூடக் கொளுத்தினேன். காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். எனக்கும் ஒன்று காணாமற்போய்க் கனகாலம்.

வருகிற 14ஆம் திகதி புதியவர்களுக்குத் தெரிவுப் போட்டி என்பது செயலாளருக்குத் தெரிந்திருக்கும். இளையோருக்கான கனிஷ்ட அணியில் ஒருவருக்குத்தான் இடம். வகுப்பில் கெட்டிக்காரி உன் மகள். அதை நான் முகத்துக்கு நேரே அவளிடமும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் ஆசையாக வாங்கின அதே பிஸ்டல், அசைகிற குறி. முதலில் ஷிம்னா, பிறகு நதீஷா. சோதனைக் குண்டுகள் ஷிம்னாவுக்கு மட்டும். ரவைத் தட்டுப்பாடு இன்னும் தீரவில்லை பார். இடையில் பிஸ்டல் மேசையில் இருக்கும், பக்கத்தில் நான் நிற்பேன்.

அன்றைக்கு எனக்கு நடந்தது இந்த 14ஆம் திகதி உன் மகளுக்கும் நடக்கும்.

கமிட்டியிடம் போய்ச் சொல்லேன். என்ன சொல்லுவாய்? "பிறிஜெற் என் மகளின் கையை நடுங்க வைக்கப் போகிறாள்" என்றா? உன் கணக்குப்படி அன்றைக்கு நடந்தது அவ்வளவுதானே.

பிறிஜெற்


வெள்ளவத்தை
2024 யூலை 8

பிறிஜெற்,

அவள் குழந்தை. அவள் உனக்கு என்ன செய்தாள்? பழி வாங்க வேண்டுமென்றால் என்னை வாங்கு. கிளப்பை விட்டுப் போகிறேன், செயலாளர் பதவியை நீயே எடு. அவளை விடு.

நீ அதைத் தொட்டால் நான் சும்மா இருக்கமாட்டேன். போட்டியன்று நானும் சுடுகிற றேஞ்சில் நிற்பேன். என் கண் அந்த மேசையிலேயே இருக்கும்.

ரஜனி


கொட்டாஞ்சேனை
2024 யூலை 15

எடி ரஜனி,

நேற்று நீ என்னைத் திரும்பிப் பார்க்காமல் வேனில் ஏறிப் போய்விட்டாய். ஆகவே நடந்ததை நானே எழுதுகிறேன். நீ அங்கேதான் நின்றாய், ஆனாலும் நான் நின்ற இடத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்று நீ அறிய வேண்டும்.

ஷிம்னா சுட்டு முடித்தாள். பிஸ்டலைத் திறந்து, வெறுமையாக்கி, மேசையில் வைத்தாள். திருகாணியை அவள் தொடவில்லை. நானும் தொடவில்லை. கேட்டுக்கொள்: நான் தொடவேயில்லை. தொடுகிற எண்ணமும் இருக்கவில்லை. அந்தக் கடிதத்தை எழுதினது நீ ஒரு கிழமை நித்திரை கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும்தான். ஒரு பிள்ளையின் குறியை மாற்றுகிற அளவுக்கு நான் கெட்டுப்போகவில்லை. உன்னோடு இருக்கிற கணக்கை உன்னோடுதான் தீர்ப்பேன்.

நான் இலக்குத் தாளை மாற்றப் போனேன். திரும்பிப் பார்த்தால், நீ மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறாய். கையில் சின்ன ஸ்குரூ டிறைவர். கைப்பையில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாய்! பின்குறியைத் திருப்புகிறாய், உதடு அசைகிறது, எண்ணுகிறாய். றேஞ்ச் அதிகாரி ஹமீட் ஓடி வந்தார்.

"மிஸிஸ், என்ன செய்றீங்க? அதத் தொடப்படாது."

நீ அவரிடம் சொன்னாய். முழு றேஞ்சுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாய்.

"இவ மாத்திப்போட்டா. என்ர பிள்ளையத் தோக்கடிக்க மாத்திப்போட்டா. நான் சரியாக்கிறன். ஆறு கிளிக் இடப்பக்கம் வச்சிருப்பா, நான் ஆறையும் திருப்பிப்போட்டன்."

ஆறு.

ரஜனி, அந்த எண்ணை நான் என் அம்மாவுக்கும் சொல்லவில்லை. பாதரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை. 2015இல் எல்லோரும் போன பிறகு, தனியாக நின்று பழைய அடையாளம் வரைக்கும் ஒவ்வொரு கிளிக்காகத் திருப்பி எண்ணினேன். அன்றிலிருந்து அந்த எண் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருத்தி எண்ணினவள். மற்றவள் திருப்பினவள்.

நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்தேன். ஷிம்னா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். எத்தனை மாதமாக என்னிடம் பிடுங்கப் பார்த்த எண், செயலாளரின் வாயிலிருந்து வந்து விழுகிறது. நதீஷா உனக்குப் பின்னால் காதுக் கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அன்ரி, நீங்க தொட்டீங்களா?"

"இல்ல," என்றேன்.

அப்போது நீ அவளுடைய கையைப் பிடித்தாய். "அவ பொய் சொல்றா நதீ. அம்மா சொல்றதக் கேள். அப்பிடியே சுடு," என்றாய். பெற்ற தாய் ஒரு பக்கம். நான்கு மாதம் பழக்கினவள் மறுபக்கம். நான் ஒரு அடி பின்னுக்கு விலகினேன். நான் சொல்லி அவள் செய்திருந்தால் அது என்னுடைய வெற்றியாக இருந்திருக்காது.

அவள் உன் கையிலிருந்து ஸ்குரூ டிறைவரை வாங்கினாள். குனிந்து, எண்ணி, ஆறு கிளிக்கையும் இடப்பக்கமாகத் திருப்பி வைத்தாள். ஹமீட்டிடம் பிஸ்டலைக் காட்டினாள். பிறகு சுட்டாள். எல்லாம் நடுவில், ரஜனி. நடுக் கறுப்பில் ஒரு ஓட்டைக்குள் இன்னொரு ஓட்டை. நீ சொன்னபடி சுட்டிருந்தால் அத்தனையும் வலப்பக்கம் போய்த் தோற்றிருப்பாள். உன் கையாலேயே. நான் விரலையும் அசைக்காமல்.

அணியில் இடம் அவளுக்கு. எல்லோரும் கை தட்டினார்கள். அவள் சிரிக்கவில்லை. பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு, உன்னிடம் வந்து கேட்டாள்:

"அம்மா, ஆறு எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

நீ கைப்பையை எடுத்துக்கொண்டு வேனுக்கு நடந்தாய்.

இத்தனை வருடமாக நீ குற்றத்தை ஒப்புக்கொள்ளுகிற ஒரு காட்சியைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். அதில் நீ அழுவாய், நான் கத்துவேன். இப்படி அமைதியாக, ஒரு பிள்ளையின் கேள்வியாக வரும் என்று நினைக்கவேயில்லை. இது நான் போட்ட திட்டமல்ல. ஆனால் எனக்கு மனவருத்தம் என்றும் எழுதமாட்டேன். நேற்று இரவு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

பிறிஜெற்


வெள்ளவத்தை
2024 யூலை 22

அன்புள்ள பிறிஜெற்,

நதீஷா என்னோடு கதைப்பதில்லை. போட்டியன்று இரவே உடுப்புகளை எடுத்துக்கொண்டு தெஹிவளைக்கு என் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். போன் எடுத்தால் ஒரே கேள்வி. "முதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்கோ, பிறகு வாறன்." வேறு ஒரு சொல் இல்லை. தங்கச்சியும், "என்னக்கா, அது என்ன ஆறு?" என்று கேட்கிறாள்.

கமிட்டி என்னை விலகச் சொல்லிவிட்டது. விலகிவிட்டேன். நீ விரும்பினது கிடைத்தது. உன் பெயர் எல்லோர் வாயிலும் நல்ல பெயர். நான் இனி அந்த றேஞ்ச் பக்கமே வரமாட்டேன். இதற்கு மேல் உனக்கு என்ன வேண்டும்?

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாங்கள் பழகின நாட்களுக்காகக் கேட்கிறேன். நதீஷாவிடம் சொல், ஆறு என்ற எண்ணை எப்போதோ நீதான் கோபத்தில் என்னிடம் சொன்னாய் என்று. கடிதத்தில் எழுதினாய் என்று சொல்லேன். ஒரு வசனம்தான். நீ சொன்னால் நம்புவாள். நான் சொன்னால் நம்பமாட்டாள். உனக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை. எனக்கு என் பிள்ளை திரும்பி வருவாள்.

நான் உன் காலில் விழவேண்டும் என்றால் கொட்டாஞ்சேனைக்கு வந்து விழுகிறேன்.

உன்,
ரஜனி


கொட்டாஞ்சேனை
2024 யூலை 28

ரஜனி,

சொல்லமாட்டேன்.

"அன்புள்ள" என்று போட்டிருந்தாய். ஒன்பது வருடத்துக்குப் பிறகு. அதையும் என்னைக்கொண்டு ஒரு பொய் சொல்லுவிக்கத்தான் போட்டாய். முழுக் கடிதத்திலும் தேடினேன், "செய்தேன்" என்ற ஒரு சொல் இல்லை.

நேற்று வகுப்பு முடிய நதீஷா என்னிடமும் வந்து கேட்டாள். "அன்ரி, நீங்களா அம்மாவுக்குச் சொன்னீங்க?" அந்த நேரம் உன் கடிதம் என் பைக்குள்தான் இருந்தது. அவளுடைய கண்ணைப் பார்த்தேன். அவளுக்கு வேண்டியிருந்தது "ஓம்" என்ற ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் அழுதுகொண்டே சிரித்திருப்பாள், அடுத்த பஸ்ஸில் உன்னிடம் வந்திருப்பாள். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான், "இல்ல," என்றேன்.

இதைப் பழி என்று நீ சொல்லுவாய். சரி, பழிதான்.

கமிட்டி இன்னொரு பிஸ்டல் எடுக்க அனுமதி கேட்டிருக்கிறது. எது நல்லது என்று என்னிடம் கேட்டார்கள். இந்த முறை கோபம் இல்லாமல் யோசித்தேன். குறி அசைகிறதையே எடுக்கச் சொன்னேன். நீ சொன்னது சரி, ரவை மாறினால் அதுதான் தேவை. திருகாணியில் ஒரு பிழையும் இல்லை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. இன்று காலை தெஹிவளைக்குப் போய் நதீஷாவின் கையிலேயே கொடுக்கிறேன். "அம்மாவிட்ட நேர குடு, வாசிச்சு முடிக்கும் வரைக்கும் நில்" என்று சொல்லி வெள்ளவத்தைக்கு பஸ் ஏற்றிவிடுவேன். அவள் பிரித்துப் பார்க்கமாட்டாள், நான் பழக்கின பிள்ளை.

நீ இந்த வரியை வாசிக்கும்போது அவள் உனக்கு முன்னால்தான் நிற்கிறாள். எனக்குப் பதில் எழுத வேண்டாம். தலையை நிமிர்த்தி அவளுக்குச் சொல்லு.

பிறிஜெற்